பழைய மரத் தொழுவத்தையும் நெல்லறையையும் விற்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீட்டுக்குப் பின்னால் தாத்தா காலத்தில் கட்டிய மாட்டுத் தொழுவம் நிற்கிறது. தூணும் உத்திரமும் மரம். மேலே நாட்டு ஓடு. நான்கைந்து இடத்தில் ஓடு உடைந்து மழை ஒழுகுகிறது. ஒரு தூணின் அடியில் கரையான் ஏறியிருக்கிறது. இந்த நேரத்தில் பழைய மரம் வாங்கும் வியாபாரி வருகிறார். தூணைத் தட்டிப் பார்க்கிறார், டேப் வைத்து அளக்கிறார், கன அடிக் கணக்குப் போட்டு மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். இடித்து, லாரியில் ஏற்றி, இடத்தையும் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார். வரும் பணத்தில் தகரக் கொட்டகை போட்டுவிடலாமே என்று நமக்கும் தோன்றுகிறது.

பல ஊர்களில் பழைய தொழுவங்களும் நெல்லறைகளும் இப்படித்தான் போயின. விற்பதா, வைத்துக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. ஆனால் வியாபாரி அளந்தது மரத்தை மட்டும்தான். அவர் அளக்காத மதிப்பு ஒன்று அந்தக் கட்டிடத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் பின்னால் வருத்தப்பட வேண்டியதில்லை.

மரக்கூட்டுக் கட்டிடம் என்றால் என்ன?

கூரையின் பாரம் முழுவதையும் மரத்தூணும் உத்திரமும் கைமரமும் சேர்ந்து தாங்கினால் அது மரக்கூட்டுக் கட்டிடம். அதில் சுவர் என்பது மறைப்புக்குத்தான். மண் சுவரோ, மூங்கில் தட்டியோ, பலகையோ எதுவாகவும் இருக்கலாம். சுவர் விழுந்தாலும் கட்டிடம் நிற்கும்.

உங்கள் தொழுவம் அப்படிப்பட்டதா என்று எளிதில் பார்க்கலாம். தூணும் உத்திரமும் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு மரத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, அடுத்த மரத்தில் துளை போட்டு, அதற்குள் இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணி அறைந்திருக்கிறதா? அப்படியென்றால் அது கைத்தேர்ந்த ஆசாரி கட்டிய கூட்டு. கடப்பாரை போட்டு நெம்பினால் முதலில் உடைவது அந்த நாக்கும் துளையும்தான். அதன் பிறகு கையில் இருப்பது வெறும் மரம். கூட்டு போய்விடும்.

அதன் மதிப்பு எதில் இருக்கிறது?

முதலாவது, மரம். அந்தக் காலத்தில் வைரம் பாய்ந்த மரத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டினார்கள். முற்றிய தேக்கு, வேங்கை, வேம்பு, முதிர்ந்த பனை என்று ஊருக்குத் தகுந்தபடி மரம் மாறும். இன்று கடையில் கிடைக்கும் இளம் மரத்துக்கும் அதற்கும் நிறைய வித்தியாசம். பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசின் 2021-ம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. எனவே கூரையில் இருக்கும் பனங்கைகளைக் கழற்றிவிட்டால், அதே தரத்தில் திரும்பவும் வாங்குவது எளிதல்ல.

இரண்டாவது, குளிர்ச்சி. உயரமான ஓட்டுக்கூரையில் வெப்பக் காற்று மேலே ஏறி ஓட்டின் இடுக்கு வழியே வெளியேறும். தகரம் நண்பகலில் சூடாகி, அந்தச் சூட்டை அப்படியே மாட்டின் முதுகில் இறக்கும். வெப்பம் தாங்காத மாடு தீவனம் குறைவாகத் தின்னும், பாலும் குறையும். கலப்பினப் பசு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நெல்லறையும் பத்தாயமும் அப்படித்தான். தரையிலிருந்து தூக்கி வைத்த மர அடித்தளம் ஈரத்தைத் தடுக்கும், எலிக்கு வழி விடாது.

மூன்றாவது, தொழில் அறிவு. அந்தக் கூட்டைச் செய்த ஆசாரி இன்று இல்லை. அவர் எந்த இடத்தில் எந்த மரம் போட்டார், எவ்வளவு சரிவு வைத்தார், எப்படிப் பூட்டினார் என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கட்டிடம்தான் புத்தகம்.

நான்காவது, குடும்பத்தின் வரலாறு. எத்தனை ஜோடி மாடு கட்டினார்கள், எத்தனை மூட்டை நெல் வைத்தார்கள் என்பதைத் தொழுவத்தின் நீளமும் பத்தாயத்தின் அளவும் சொல்லும். கோயிலும் அரண்மனையும் ராஜாக்களின் கதையைச் சொல்லும். உழுதவனின் கதையைச் சொல்லத் தொழுவத்தை விட்டால் வேறு கட்டிடம் கிடையாது.

ஜப்பான் விவசாயிகள் எடுத்த முடிவு

பழைய விவசாயக் கட்டிடத்தைக் காப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் கிஃபு மாகாணத்தில் ஷிரகாவா என்ற மலைக்கிராமம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி விழும். பனி வழுக்கி விழட்டும் என்று வீட்டுக் கூரையைச் சுமார் 60 பாகைச் சரிவில், கும்பிடும் இரண்டு கைகளைப் போலச் சேர்த்துக் கட்டினார்கள். அதனால் அந்த முறைக்கே கூப்பிய கை என்று பொருள்படும் 'காஷோ' என்ற பெயர் வந்தது.

இவை விவசாய வீடுகள். கீழே குடும்பம் வசிக்கும். கூரைக்குள் இருக்கும் மாடித் தட்டுகளில் பட்டுப்புழு வளர்ப்பார்கள். தூணும் உத்திரமும் உள்ள கீழ்ப்பகுதியைத் தச்சர் செய்வார். மேலே உள்ள கூரைக்கூட்டை ஊர்க்காரர்களே கயிறாலும் வளைந்து கொடுக்கும் இளங்கொம்புகளாலும் கட்டுவார்கள். அதில் இரும்பு ஆணி கிடையாது. கைமரத்தின் அடி முனையைக் கூராகச் சீவி, உத்திரத்தில் வெட்டிய குழியில் நிறுத்துவார்கள். பலத்த காற்று அடித்தாலும், ஒரு பக்கம் பனிப்பாரம் ஏறினாலும் கூரை லேசாக அசைந்து கொடுக்கும், முறியாது. வீட்டுக்குள் எரியும் அடுப்பின் புகை மேலே ஏறிக் கூரைப்புல்லையும் கயிற்றையும் பூச்சி அரிக்காமல் காக்கும்.

கூரைப்புல்லைச் சுமார் 30 முதல் 40 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் அது ஆகாது. நூறு, இருநூறு பேர் கூடி ஒன்றிரண்டு நாளில் ஒரு வீட்டுக் கூரையை முடிப்பார்கள். கூலி கிடையாது. இன்று உன் வீடு, நாளை என் வீடு என்ற கணக்கு. இதை அவர்கள் 'யுய்' என்கிறார்கள். நம் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் ஒருவருக்கொருவர் மாற்றாள் போவோமே, அதே வழக்கம்தான்.

பிறகு பட்டுத் தொழில் சரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டியதில் சில ஊர்கள் தண்ணீருக்குள் போயின. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். பழைய வீடுகளை வாங்கிக் கழற்றிக்கொண்டு போக வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அப்போது, 1971-ல், ஷிரகாவாவின் ஓகிமாச்சி ஊர் மக்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். மூன்று விதி வைத்தார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. அரசாங்கம் அந்த ஊரைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது அதற்குப் பிறகு, 1976-ல். யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது 1995-ல். ஆக, முதல் முடிவு ஊர்க்காரர்களுடையது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

இன்று ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்த ஊரைப் பார்க்க வருவதுண்டு. நம் ஊருக்கும் அப்படிக் கூட்டம் வரும் என்று சொல்ல வரவில்லை. அந்த விவசாயிகள் அன்று விற்றிருந்தால் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, அதைக் கட்டும் அறிவும் இல்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

550 வருடம் வேலை செய்த களஞ்சியம்

மரம் எவ்வளவு காலம் தாங்கும் என்று சந்தேகம் வரலாம். இங்கிலாந்தில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்மண்ட்ஸ்வர்த் என்ற ஊரில் தானியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 1425-க்கும் 1427-க்கும் இடையில் ஓக் மரத்தில் கட்டியது. சுமார் 60 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். 1970-கள் வரை அதை விவசாய வேலைக்குப் பயன்படுத்தி வந்தார்கள். 2011-ல் அந்நாட்டின் மரபுப் பாதுகாப்பு நிறுவனம் அதை வாங்கிப் பழுது பார்த்தது. மரங்களில் பெரும்பாலானவை முதலில் போட்டவையே.

இத்தனை காலம் தாங்கியதற்கு இரண்டு காரணத்தை நாமும் பின்பற்றலாம். ஒன்று, தூண்கள் மண்ணில் புதைக்கப்படாமல் கல்லின் மேல் நிற்கின்றன. இரண்டு, கூரை தொடர்ந்து பராமரிக்கப்பட்டது. தலையில் குடையும் காலில் செருப்பும் இருந்தால் மரக்கட்டிடம் நூற்றாண்டுகள் நிற்கும்.

முதலில் பரிசோதனை

உங்கள் தொழுவத்தையும் நெல்லறையையும் ஒரு முறை முழுதாகப் பாருங்கள். மழை பெய்யும்போது ஒரு தடவையும், வெயில் நாளில் ஒரு தடவையும் பார்ப்பது நல்லது.

1. மழையில் எங்கே ஒழுகுகிறது என்று சாக்பீஸால் அடையாளம் போடுங்கள். மரம் உளுத்துப்போக ஈரம்தான் காரணம். காய்ந்த மரத்தைப் பூஞ்சணம் தாக்காது.

2. ஒவ்வொரு தூணின் அடியிலும் ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்காவிட்டால் மரம் நலம். பஞ்சு போல இறங்கினால் அந்த இடம் கெட்டுவிட்டது. எவ்வளவு உயரம் வரை கெட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடியில் ஒன்று, ஒன்றரை அடிதான் கெட்டிருக்கும். மேலே வைரம் அப்படியே இருக்கும்.

3. உத்திரத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்தைப் பாருங்கள். சுவர் நனைந்தால் முதலில் கெடுவது அந்த முனை.

4. கரையானின் மண் பாதை தூணில் ஏறுகிறதா, தரையில் மாவு போல மரத்தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள்.

5. தூண் சாய்ந்திருந்தால் தூக்குக்குண்டு பிடித்து எவ்வளவு சாய்வு என்று அளந்து எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பவும் அளந்து பாருங்கள். சாய்வு கூடவில்லை என்றால் அவசரம் இல்லை. கூடினால் உடனே முட்டுக் கொடுங்கள்.

இந்தப் பரிசோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. "எல்லாம் உளுத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால் நம்புவதா, வேண்டாமா என்பது இதற்குப் பிறகு உங்களுக்கே தெரியும்.

பழுது பார்க்கும் முறை

கூரையில்தான் தொடங்க வேண்டும். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். அதே அளவு நாட்டு ஓடு கிடைக்காவிட்டால், பின்பக்கச் சரிவில் இருக்கும் நல்ல ஓடுகளை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்துக்கு வேறு ஓடு போடலாம். இடித்த வீடுகளிலிருந்தும் பழைய ஓடு வாங்கலாம்.

தூணின் அடி மட்டும் கெட்டிருந்தால் தூணையே மாற்றத் தேவையில்லை. உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, கெட்ட பகுதியை அறுத்து எடுத்து, அதே வகையில் நன்கு காய்ந்த மரத்துண்டைச் சாய்வெட்டில் இணைக்கலாம். இன்னும் எளிய வழி, அறுத்த உயரத்துக்குக் கருங்கல்லைக் கீழே வைத்து அதன் மேல் தூணை நிறுத்துவது. மாட்டு மூத்திரமும் கழுவும் தண்ணீரும் கல்லோடு நின்றுவிடும். இந்த வேலைக்கு வயதான ஆசாரி ஒருவரை அழையுங்கள். கூடவே ஓர் இளைஞரையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலையோடு வேலையாக அந்த அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

கரையான் மண்ணிலிருந்துதான் வருகிறது. மண் பாதையைச் சுரண்டி எடுத்து, தூணைச் சுற்றி வைக்கோல், விறகு, சாணக்குவியல் இல்லாமல் வையுங்கள். மருந்து அடிக்க வேண்டும் என்றால் வேளாண் அலுவலரைக் கேட்டு அடியுங்கள். தீவனமும் தானியமும் இருக்கும் இடத்தில் உங்கள் விருப்பத்துக்குப் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

தூணின் அடியைச் சுற்றி சிமென்ட் போட்டு மூடாதீர்கள். பார்ப்பதற்குப் பலமாகத் தெரியும். ஆனால் இடுக்கில் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடும்.

மாடு உரசும் உயரத்தில் கழிவு ஆயில் பூசாதீர்கள். மாடு நக்கும். தீப்பிடித்தால் சீக்கிரம் பரவும்.

ஓட்டை எடுத்துவிட்டு அதே கூட்டின் மேல் தகரம் போடுவதாக இருந்தால் நன்றாக யோசியுங்கள். ஓட்டின் பாரம்தான் கூரையை அழுத்திப் பிடித்திருந்தது. பாரம் குறைந்ததும் புயல் காற்று கூரையைத் தூக்கும். 2018-ல் கஜா புயல் அடித்தபோது தகரங்கள் பறந்ததை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகரம்தான் போட வேண்டும் என்றால் கைமரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைத் தூணோடும் இரும்புப் பட்டை போட்டுக் கட்டுங்கள்.

பழைய மின்கம்பிகளைத் தொங்கவிடாதீர்கள். வைக்கோலுக்கு மேலே பல்பு எரிய விடாதீர்கள். மரக்கட்டிடத்துக்குப் பெரிய எதிரி தீ. ஷிரகாவாவில் ஊர் முழுவதும் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் வைத்து, ஒவ்வொரு வருடமும் ஒரே நேரத்தில் திறந்து சோதிக்கிறார்கள். நமக்குத் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் மோட்டார் குழாயும் இருந்தால் போதும்.

பயன்பாட்டில் வையுங்கள்

பூட்டி வைத்த கட்டிடம் சீக்கிரம் கெடும். ஆள் நடமாட்டம் இருந்தால்தான் ஒழுகுவதும் கரையான் ஏறுவதும் கண்ணில் படும். மாடு இல்லாவிட்டால் ஆடு, நாட்டுக்கோழி வளர்க்கலாம். விதைநெல், தேங்காய், வெங்காயம் வைக்கலாம். கருவிகளை நிறுத்தலாம். காற்றோட்டத்தை மட்டும் அடைக்காதீர்கள்.

பதிவு செய்யுங்கள்

காப்பாற்ற முடிந்தாலும் முடியாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். நீளம், அகலம், உயரம், தூண்களின் இடைவெளி ஆகியவற்றை அளந்து ஒரு நோட்டில் படம் போட்டு வையுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் செல்போனில் படம் எடுங்கள். வீட்டில் மூத்தவர்களிடம் எப்போது கட்டியது, எந்த ஊர் ஆசாரி, மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை ஆர்வமாகச் செய்வார்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

பாகப்பிரிவினை, சாலை விரிவாக்கம், மகள் கல்யாணம் என்று விற்க வேண்டிய நிலை வரலாம். எல்லாக் கட்டிடத்தையும் காப்பாற்ற முடியாது. அப்போதும் இடிக்க விடாதீர்கள், கழற்றச் சொல்லுங்கள்.

மர ஆணியைத் தட்டி எடுத்தால் கூட்டுத் தானாகப் பிரியும். பிரிக்கும் முன் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போடுங்கள். இங்கிலாந்தில் பழைய தச்சர்கள் ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் எண்குறி வெட்டி வைத்தார்கள். எந்தத் துளைக்கு எந்த நாக்கு என்று அதைப் பார்த்தே சேர்த்தார்கள். உங்கள் தூணிலும் அப்படி உளிக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

எண் போட்டுப் பிரித்த கூட்டை வேறு இடத்தில் அப்படியே நிறுத்தலாம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், பல ஊர்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கேரளத்து மர வீடும் அங்கே இருக்கிறது. மாமல்லபுரம் பக்கம் போனால் பிள்ளைகளோடு ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

விற்பதாக இருந்தால் கூட்டு முழுவதையும் ஒரே ஆளுக்கு, திரும்ப நிறுத்தப் போகிறவருக்குக் கொடுக்கப் பாருங்கள். உங்கள் தோட்டத்திலேயே சிறிய அளவில் நிறுத்த இடம் இருந்தால் இன்னும் நல்லது. தேக்கு போன்ற மரங்களை வண்டியில் ஏற்றும் முன் வனத்துறை அலுவலகத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் தொழுவம் அரசாங்கத்தின் எந்த மரபுப் பட்டியலிலும் பெரும்பாலும் இருக்காது. இடித்தால் கேட்க ஆள் வராது. காப்பாற்றினாலும் பாராட்ட ஆள் வராது. ஆகையால் அதன் விதி முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. வியாபாரி அடுத்த வாரமும் வருவார். அதற்குள் மேலே சொன்னபடி ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். இந்த மழைக்கு முன் பத்து ஓடு மாற்றி, ஒரு தூணுக்குக் கல் வைத்தாலே அந்தக் கட்டிடம் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.